ஒளியும் பார்வையும்: ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைக்கு எந்த வழியில் சொல்லிக்கொடுப்பது?

"மகன் தொடக்கநிலை 5. கணக்கு பரவாயில்லை. ஆங்கிலத்தில் சொல்வளம் போதாது என்று ஆசிரியர் சொல்கிறார். என்ன செய்யலாம்?" சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோரிடமிருந்து இந்தக் கேள்வி சின்னச் சின்ன மாற்றங்களோடு வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே மூன்று பேரிடம் விசாரித்துவிட்டுக் குழம்பிப்போய் வருகிறவர்கள். ஒருவர், கிரேக்க, லத்தீன் வேர்ச்சொற்களைச் சொல்லிக்கொடுங்கள், ஒரு வேர் தெரிந்தால் பத்துச் சொல் தெரிந்த மாதிரி என்றிருப்பார். இன்னொருவர் பாப்புலர் புத்தகக் கடைக்குப் போய் அசெஸ்மென்ட் புத்தகம், அதாவது தேர்வுப் பயிற்சிப் புத்தகம், வாங்கச் சொல்லியிருப்பார். மூன்றாமவர், நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள், மற்றது தானாக வரும் என்றிருப்பார்.

மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எந்தச் சொற்களுக்கு எந்த வழி என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் முடிவுக்கு வர முடியாது என்பதால், ஒரே ஒரு சொற்கூட்டத்தை எடுத்துக்கொண்டு மூன்று வழிகளையும் அதில் உரசிப் பார்க்கிறேன்: ஒளி, பார்வை தொடர்பான சொற்கள். அறிவியல் பாடம், கட்டுரை, குளோஸ் (கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி), கண் மருத்துவமனைச் சீட்டு என்று எல்லா இடத்திலும் இவை வருகின்றன. பாதிப் பிள்ளைகள் கண்ணாடி போட்டிருக்கும் ஊரில், மயோப்பியா (கிட்டப்பார்வை) என்ற சொல்லைக் கேட்காத வீடு இருக்காது.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன். பிள்ளைக்கு எந்த வகைச் சொல் வரவில்லை. தேர்வுக்கு எவ்வளவு காலம் இருக்கிறது. வீட்டில் யார் பக்கத்தில் உட்கார முடியும். கடைக்காரரும் நண்பர்களும் சொல்லாமல் விடும் மறைமுகச் செலவு என்ன. பணத்தை வேண்டுமென்றே இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. மூன்று வழிகளுக்கும் பணச் செலவு குறைவுதான். துணைப்பாட வகுப்பு என்றால் கதை வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

நான்கில் முதலாவதுதான் முக்கியம். ஆங்கிலத்தில் ஒளிக்கும் பார்வைக்கும் இரண்டு அடுக்காகச் சொற்கள் இருக்கின்றன. லைட், சீ, லுக், சைட், கிளீம், குளோ, கிளிட்டர், கிளேர், கிளிம்ப்ஸ் எல்லாம் ஜெர்மானிய வழியில் வந்த வீட்டுச் சொற்கள். விசிபிள், லூமினஸ், ட்ரான்ஸ்லூசென்ட், ஸ்பெக்டேட்டர், மைக்ரோஸ்கோப், போட்டோசிந்தசிஸ் எல்லாம் லத்தீனிலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ வந்தவை. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக லத்தீன் சொற்கள் அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் வந்து சேர்ந்தன. பின்னால் அறிவியல் வளர்ந்தபோது புதிய பொருள்களுக்குப் பெயர் வைக்க அறிஞர்கள் கிரேக்கத்தைத் தேடிப் போனார்கள். கட்டுரையில் ஆசிரியர் எதிர்பார்ப்பது பெரும்பாலும் முதல் அடுக்கு. அறிவியல் தாளில் வருவது இரண்டாவது. உங்கள் பிள்ளை எதில் தடுமாறுகிறது என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுத்தால் உழைப்பு வீண்.

## வழி 1: வேர்ச்சொல்

இந்த வழி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. தொடக்கநிலை அறிவியலில் ட்ரான்ஸ்பேரன்ட், ட்ரான்ஸ்லூசென்ட், ஓபேக் (ஒளி புகாதது) மூன்றும் சேர்ந்தே வரும். முதல் இரண்டையும் பிள்ளைகள் அடிக்கடி மாற்றி எழுதுவார்கள். இரண்டிலும் இருக்கும் ட்ரான்ஸ் என்பதற்கு லத்தீனில் 'கடந்து', 'ஊடாக' என்று பொருள். ட்ரான்ஸ்லூசென்டின் பின்பாதி ஒளிர்தலைக் குறிக்கும் லூசேரே; ஒளி என்ற பொருள் தரும் லக்ஸுக்கு உறவுக்காரன். ட்ரான்ஸ்பேரன்டின் பின்பாதி பாரேரே, அதாவது தென்படுதல். ஆக, ட்ரான்ஸ்லூசென்ட் பொருளின் ஊடே ஒளி வரும். ட்ரான்ஸ்பேரன்ட் என்றால் அந்தப் பக்கத்துப் பொருளே தென்படும். குளியலறை ஜன்னலில் மங்கல் கண்ணாடி இருந்தால் அதற்குப் பின்னால் ஓர் அடி தள்ளிக் கையை நீட்டிக் காட்டுங்கள். வெளிச்சம் வருகிறது, ஆனால் எத்தனை விரல் என்று எண்ண முடியாது. கையைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துவிடாதீர்கள், விரல் ஓரளவு தெரிந்துவிடும், பிள்ளை வாதாட ஆரம்பித்துவிடும்.

இதே போலக் குடும்பமாக வருபவை நிறைய. ஸ்பெசேரே என்றால் பார்ப்பது. இன்ஸ்பெக்ட் என்றால் உள்ளே பார்ப்பது. சஸ்பெக்ட் என்றால் கீழிருந்து பார்ப்பது, நம் ஊரில் ஒரு மாதிரியாகப் பார்ப்பது என்கிறோமே, அது. ரெஸ்பெக்ட் என்றால் திரும்பிப் பார்ப்பது. 'எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்துவிட்டான்' என்று நாமும் மதிப்பைத்தான் சொல்கிறோம். ஸ்பெக்டேட்டர், ஸ்பெக்டக்கிள்ஸ், பெர்ஸ்பெக்டிவ் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள்.

விடேரே என்பதற்கும் பார்ப்பது என்றே பொருள். விஷன், விசிபிள், வீடியோ, எவிடென்ட் எல்லாம் அதிலிருந்து வந்தவை. சூப்பர்வைசர் என்பதைப் பிரித்தால் மேலே, பார்ப்பவர். மேற்பார்வையாளர் என்று அச்சு அசலாகத் தமிழில் இருக்கிறது. 1955 முதல் நம் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் சிபிஎஃப்பின் நடுவில் நிற்கும் பிராவிடன்ட் என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான்: முன்னால் பார்த்து வைப்பது. மத்திய சேம நிதி என்று தமிழில் சொல்லும்போது சேமிப்பு தெரிகிறது, ஆங்கிலத்தில் தொலைநோக்கு தெரிகிறது.

தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கே வந்த பெற்றோர்கள் 'எனக்கே ஆங்கிலம் அவ்வளவு வராது, நான் எங்கே சொல்லிக்கொடுப்பது' என்று ஒதுங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வேர்ச்சொல் வழியில் அவர்கள்தான் நல்ல ஆசிரியர்கள். தமிழ்க் கலைச்சொற்கள் பல, கிரேக்க லத்தீன் சொற்களைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்து உருவாக்கப்பட்டவை. போட்டோ என்றால் ஒளி, சிந்தசிஸ் என்றால் சேர்த்து வைத்தல்: ஒளிச்சேர்க்கை. டெலி தொலைவு, ஸ்கோப் நோக்குவது: தொலைநோக்கி. மைக்ரோஸ்கோப் நுண்ணோக்கி. டெலிவிஷன் தொலைக்காட்சி. இங்கே பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிப்பதால் ஒளிச்சேர்க்கை என்ற சொல் அவர்களுக்குப் புதிது. அப்பா அம்மாவுக்கோ எட்டாம் வகுப்பிலேயே மனப்பாடம். போட்டோ என்றாலே கைப்பேசியில் எடுக்கும் படம் என்று நினைக்கும் பிள்ளைக்கு, போட்டோசிந்தசிஸ் ஏன் அந்தப் பெயர் பெற்றது என்று விளக்க அந்த ஒரு தமிழ்ச் சொல் போதும்.

கதை வைத்திருப்பதும் இந்த வழியின் பலம். 1669இல் ஹாம்பர்க் நகரத்து ரசவாதி ஹென்னிக் பிராண்ட் தங்கம் கிடைக்கும் என்று சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்தார். தங்கம் வரவில்லை, இருட்டில் தானாக ஒளிரும் ஒரு பொருள் வந்தது. அதற்கு வந்த பெயர் பாஸ்பரஸ், 'ஒளியைச் சுமப்பது'. லத்தீனில் அதே பொருளைச் சொன்னால் லூசிஃபர். பழங்காலத்தில் இரண்டுமே விடிவெள்ளியின் பெயர்கள். சிறுநீர்க் கதையைக் கேட்ட பிள்ளை பாஸ்பரஸை மறக்காது. எழுத்துக்கூட்டலும் கூடவே வரும்: கிரேக்கச் சொல்லில் 'எஃப்' ஒலிக்குப் பெரும்பாலும் பி-எச் என்று தெரிந்தால் பாஸ்பரஸ், பினாமினன், போட்டான் எல்லாவற்றிலும் பிழை குறையும்.

சரி, மறைமுகச் செலவு? முதலாவது, போலிகள். லக்சுரியில் லக்ஸ் இருக்கிறது, ஆனால் ஒளிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அளவு மீறலைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல் அது. அலுமினியத்துக்குள் லூமின் தெரிகிறது, ஆனால் அது படிகாரத்தைக் குறிக்கும் அலூமென் என்பதிலிருந்து வந்தது. டிவிஷனில் விஷன் கிடையாது, அது பிரிப்பது. ஆப்ஷனுக்கும் ஆப்டிக்குக்கும் உறவில்லை. வேர் பிடிக்கும் ஆர்வத்தில் பிள்ளைகள் இவற்றையெல்லாம் ஒரே கூடையில் போட்டுவிடுவார்கள். எட்டிம்ஆன்லைன் என்ற இணைய அகராதி இலவசம். சந்தேகம் வரும்போதெல்லாம் அதில் தட்டிப் பார்க்க ஒரு பெரியவர் வேண்டும். அந்த நேரம்தான் உண்மையான விலை.

இரண்டாவது, பொருள் நகர்ந்துபோன சொற்கள். 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் கண்டுபிடித்த ஸ்டெதஸ்கோப்பின் பெயர் 'மார்பைப் பார்ப்பது', ஆனால் அதை வைத்து மருத்துவர் கேட்கிறார். கேண்டிடேட் என்ற சொல்லில் வெண்மையாக ஒளிர்தல் இருக்கிறது, ஏனென்றால் ரோமாபுரியில் பதவிக்கு நின்றவர்கள் வெளுத்த அங்கி அணிந்தார்கள். (வெள்ளை உடுப்போடு தேர்தல் மேடையேறும் கட்சியைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பதியும்.) ஆனால் வேரை மட்டும் வைத்து இந்தச் சொற்களின் இன்றைய பொருளை ஊகிக்க முடியாது. நினைவில் வைக்க வேர் உதவும். கண்டுபிடிக்கச் சில சமயம்தான் உதவும்.

மூன்றாவதுதான் பெரிது. முதல் அடுக்குச் சொற்கள் இந்த வலையில் விழவே விழாது. கிளேருக்கும் கிளிம்ப்ஸுக்கும் என்ன வேறுபாடு என்று எந்த லத்தீனும் சொல்லாது.

## வழி 2: சொற்பட்டியலும் அசெஸ்மென்ட் புத்தகமும்

புத்தகம் பத்து வெள்ளி முன்பின். பிள்ளை தனியாக உட்கார்ந்து செய்யலாம், பின்பக்கத்தில் விடை இருக்கும், பெற்றோருக்கு வேலை குறைவு. தேர்வில் வரும் வடிவத்திலேயே பயிற்சி கிடைக்கும். நான்கு விடைகளில் மூன்றை எப்படித் தள்ளுவது என்ற சாமர்த்தியம் வேறு எந்த வழியிலும் இவ்வளவு சீக்கிரம் வராது. இரண்டு அடுக்குச் சொற்களும் இதில் கலந்தே வரும்.

பலவீனம் மறதி. 1885இல் வெளிவந்த ஆய்வுக்காக ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று தன்னையே சோதித்துப் பார்த்தார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விட்டது. பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் கிளீம், கிளிம்மர், கிளிட்டர், கிளின்ட் நான்கும் பிள்ளைக்கு ஏறக்குறைய அந்த அசைகளைப் போலத்தான். நான்குக்கும் நேராக 'மின்னுதல்' என்று தமிழில் எழுதிவைத்தால் இன்னும் மோசம். ஒரு வாரம் கழித்து நான்கும் ஒன்றாகிவிடும். பட்டியலைப் பிடித்தால் இடைவெளி விட்டு விட்டுத் திரும்பக் கேட்டே ஆக வேண்டும்: இன்று, நாளை மறுநாள், அடுத்த வாரம், அடுத்த மாதம். இதைச் செய்யாத வீட்டில் புத்தகம் தீரும், சொல் தங்காது.

இன்னொரு மறைமுகச் செலவு, கட்டுரையில் தெரியும். பட்டியலில் படித்த சொல்லைப் பிள்ளை எங்கேயாவது செருகிவிடும். 'லூமினஸ்' (ஒளிவிடுவது) என்று அம்மாவின் புடவையை வர்ணிக்கும். இலக்கணம் சரி, ஆங்கிலம் சரியில்லை.

## வழி 3: வாசிப்பு

வீட்டுச் சொற்களுக்கு இதற்கு இணையான வழி இல்லை. இதில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழில் நாம் 'பார்' என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து வேலையை முடிக்கிறோம்: முறைத்துப் பார்த்தான், எட்டிப் பார்த்தாள், உற்றுப் பார்த்தார், கண்ணை இடுக்கிப் பார்த்தாள், வைத்த கண் வாங்காமல் பார்த்தான். ஆங்கிலம் இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினை வைத்திருக்கிறது: கிளேர், பீக், பீயர், ஸ்குவின்ட், கேஸ். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை கட்டுரையில் 'லுக்ட் ஆங்ரிலி' என்று எழுதுவதற்குக் காரணம் இதுதான். தமிழில் யோசித்தால் அது முழுக்கச் சரி. ஆசிரியர் எதிர்பார்ப்பது கிளேர்ட்.

இதைப் பட்டியலில் சொல்லிக்கொடுக்கலாம்தான். ஆனால் கதையில் வில்லன் கதவோரம் நின்று முறைக்கும்போது கிளேர் வந்தால், யார், யாரை, என்ன மனநிலையில் என்பதெல்லாம் சொல்லோடு சேர்ந்தே பதியும். கிளிம்ப்ஸ் என்பதற்கு முன் 'காட் எ' வரும் என்பதும் அப்படியே வந்துவிடும். இதற்கு அகராதி தேவையில்லை.

செலவு என்று பார்த்தால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நூலக உறுப்பியம் இலவசம். உண்மையான விலை காலம். ஆண்டுக்கணக்கில் நடந்தால்தான் பலன் தெரியும். தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஆரம்பித்தால் கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் மாறாது. அப்புறம், வாசிக்கும் புத்தகம் எளிதாகவே இருந்தால் புதுச் சொல் வராது. படக்கதையோடு நின்றுவிட்ட பிள்ளை நிறைய வாசிக்கும், ஆனால் ட்ரான்ஸ்லூசென்டைச் சந்திக்காது. இரண்டாம் அடுக்குச் சொற்கள் கதைப் புத்தகத்தில் அரிதாகத்தான் வரும். விண்வெளி, விலங்கு, கண் பற்றிய தகவல் நூல்களையும் கலந்து எடுக்க வேண்டும்.

## துணைப்பாட வகுப்பு?

இது நான்காவது வழி கிடையாது. மூன்றில் ஒன்றைக் காசு கொடுத்து வேறொருவரிடம் ஒப்படைப்பது, அவ்வளவுதான். சேர்க்கும் முன் அங்கே சொல்வளத்தை எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று கேளுங்கள். வாராவாரம் பட்டியல் கொடுத்து ஸ்பெல்லிங் வைப்பதுதான் முறை என்றால், பத்து வெள்ளிப் புத்தகத்துக்குப் பெரிய மாதக் கட்டணம் கட்டுகிறீர்கள்.

## ஒரே பார்வையில்

| | வேர்ச்சொல் | பட்டியல் | வாசிப்பு |
|---|---|---|---|
| நன்றாக ஏறும் சொற்கள் | அறிவியல், முறையான சொற்கள் | தேர்வில் அடிக்கடி வருபவை | அன்றாட வினைகள், வர்ணனை |
| பலன் தெரிய | சில மாதங்கள் | சில வாரங்கள் | ஆண்டுக்கணக்கு |
| பெரியவர் பக்கத்தில் வேண்டுமா | கட்டாயம் | திரும்பக் கேட்க மட்டும் | புத்தகம் தேர்ந்தெடுக்க |
| கவனிக்க வேண்டியது | போலி வேர்கள் | மறதி, பொருந்தாத இடத்தில் செருகல் | ஒரே மட்டத்தில் தேங்குவது |

## யாருக்கு எது

தொடக்கநிலை 3, 4 என்றால் வாசிப்பே முதன்மை. அறிவியல் பாடத்தில் ஒரு சொல் குழப்பும்போது மட்டும் வேரைக் காட்டினால் போதும். தனியாக வேர்ப்பாடம் எடுத்தால் அந்த வயதில் சலித்துவிடும்.

தொடக்கநிலை 6, தேர்வு இந்த ஆண்டு: பட்டியல்தான். வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளையின் பழைய தாள்களை எடுத்து, தவறிய சொற்களிலிருந்து பட்டியலை நீங்களே தயார் செய்யுங்கள். கடைப் புத்தகத்தில் பாதி, பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். தவறியவை கிளேர், கிளீம் வகையாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு சொல் எழுதாமல் ஒரு காட்சி எழுதுங்கள்: 'பாட்டி தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லி முறைத்தார்.'

உயர்நிலை 1, 2 என்றால் தயங்காமல் வேர்ச்சொல். அறிவியல், வரலாறு என்று ஒவ்வொரு பாடத்திலும் நீண்ட சொற்கள் கொட்டும் காலம் அது. தேர்வு நெருக்கடியும் தள்ளி இருக்கிறது. அந்த வயதில் ஆட்டாப்சி (பிரேதப் பரிசோதனை) என்றால் 'தன் கண்ணால் பார்ப்பது' என்று சொன்னால் அடுத்த கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

பெற்றோரே தங்களுக்காகக் கற்பதாக இருந்தாலும் வேர்தான் லாபம், அதிலும் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு. ஐந்து வேரோடு ஆரம்பியுங்கள்: போட்டோ, ஸ்கோப், ஸ்பெக், விட் அல்லது விஸ், லூக் அல்லது லூம். ஒவ்வொன்றுக்கும் தெரிந்த தமிழ்ச் சொல் ஒன்றையும் வீட்டில் கண்ணில் படும் பொருள் ஒன்றையும் சேர்த்து எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டலாம். மின்விளக்குப் பெட்டியில் லூமென் என்று போட்டிருக்கும், அங்கிருந்தே தொடங்கலாம். பிள்ளைக்குக் கண் பரிசோதனை இருக்கும் நாளில் ஆப்டிஷியன் கண்ணாடி பொருத்தித் தருபவர், ஆப்டோமெட்ரிஸ்ட் பார்வையை அளப்பவர் என்று சொல்லிவையுங்கள். ஆப்தால்மாலஜிஸ்ட் என்ற கண் மருத்துவரின் எழுத்துக்கூட்டலில், பி-எச்சை அடுத்து உடனே டி-எச் வந்து பெரியவர்களையே கவிழ்க்கும். அதை உயர்நிலைக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.